வாத்து திருடியவளைப் பெண் பார்த்த கதை

இங்கிலாந்தின் பிரிஸ்டல் சந்தையில் வினிஃப்ரெட் டாப்லி திருடியது உயிருள்ள வாத்து. பாவாடைக்குள் மறைத்து நல்லபடியாகத்தான் நடந்தாள். காவலரைக் கடக்கும்போது அது வாயைத் திறந்துவிட்டது. ஏழு வருடத் தண்டனை விதித்து, நீதிபதி அவளைக் கப்பலேற்றி கைதிகளைக் கொண்டுபோய்க் குவிக்கும் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே பாரமட்டாவில், பெண் கைதிகளின் கூடத்தில் நாள் முழுக்கக் கம்பளி நூற்க வேண்டும். கல்யாணம் ஆனால் வெளியே போகலாம். பெண் தேடி வருகிறவர்கள் முன்னால் கூடத்தின் காவல்காரியான மேட்ரன் எல்லோரையும் வரிசையாக நிறுத்துவாள். அப்படித்தான் ஜோப் ஹாலட் என்ற விவசாயி ஒருநாள் வந்து வினிஃப்ரெட் முன்னால் நின்றான்.

"என்னத்தத் திருடுன?"

"வாத்து."

"நல்லாத் திருடுவியா?"

"நல்லாத் திருடியிருந்தா இங்க ஏன்யா நிக்கிறேன்?"

சிரித்துவிட்டான். தொப்பியைக் கழற்றி, "நாம கட்டிக்கலாமா?" என்றான்.

"இரு. நீ எதுக்கு இந்த ஊருக்கு வந்த?"

அவன் காது சிவந்தது. "ஆடு திருடி மாட்டிக்கிட்டேன். இப்ப மந்தையே இருக்கு."

"அதுவும் அப்படி வந்ததுதானா?"

"காசு குடுத்து வாங்குனது, தாயி!"

"சரி, கொஞ்சம் நடந்து காட்டு."

அவன் நடந்தான். வரிசையே விசிலடித்தது. மேட்ரன் தலையிலடித்துக்கொண்டாள். "அடியே, அவருதாண்டி உன்னப் பாக்க வந்திருக்காரு!"

"பாத்துட்டாருல்ல? இப்ப நான் பாக்கறேன்."

பிறந்ததிலிருந்து யாரும் அவளிடம் எதற்கும் சம்மதம் கேட்டதில்லை. அந்தச் சுகத்தை இன்னும் கொஞ்சம் அனுபவித்துவிட்டு, தலையசைத்தாள்.

கல்யாணத்தன்று பாதிரியார் மணமக்களின் தண்டனைக் கதையைக் கேட்டார். பிறகு ஆசீர்வாதத்துக்கு ஒரு கையை மட்டும் உயர்த்தினார். இன்னொரு கை சட்டைப்பைக் கடிகாரத்தின் மேல் பத்திரமாக இருந்தது.