முருகனுக்கு வந்த வருமானம்

என் வீட்டுக்காரர் அய்யாக்கண்ணுவின் இதயம் நிமிடத்துக்கு முப்பத்தெட்டு தடவைதான் துடிக்கிறது என்று பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எந்த வேலையையும் அவசரப்படாமல் செய்கிற மனிதர், இதயமும் அப்படியே பழகிவிட்டதாக்கும் என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. பேஸ்மேக்கர் வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் ஒருநாள் உட்கார்ந்த இடத்திலேயே நின்றுவிடும் என்றார். கட்டில், சாப்பாடு, ஆபரேஷன் எல்லாம் அரசாங்கக் காசு. கருவி மட்டும் நம் காசு. எட்டாயிரம் வெள்ளி.

எட்டாயிரத்துக்கு நான் எங்கே போவேன்? வசதி இல்லாதவர்களுக்கு உதவ ஒரு நிதி இருக்கிறது, போய்க் கேளுங்கள் என்று எங்கள் இருவரையும் மூன்றாம் மாடிக்கு அனுப்பினார்கள்.

அங்கே இருந்த அதிகாரி ஹைருல். நல்ல பிள்ளை, பேச்செல்லாம் மலாயில். குடும்ப வருமானம் மாதம் இரண்டாயிரம் வெள்ளிக்குள் இருந்தால் முழுப் பணமும் கிடைக்கும் என்றான். பள்ளிக்கூட கேன்டீனில் எனக்கு ஆயிரத்து நூறு. அவருக்கு சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதி பென்ஷன் அறுநூறு. ஆக ஆயிரத்து எழுநூறு. என் சம்பளம் குறைவு என்று நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

அந்தச் சந்தோஷம் அவருடைய பேங்க் கணக்கை ஹைருல் புரட்டும் வரைக்கும் நீடித்தது.

"அங்கிள், டிசம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் பதினாலாயிரத்து இருநூத்தி அறுபது வெள்ளி வந்திருக்கே?"

"அது என் காசு இல்ல தம்பி."

"அப்ப யார் காசு?"

"முருகன் காசு."

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ரோட்டில் எங்கள் ஆட்கள் தண்ணீர்ப்பந்தல் போடுவார்கள். மோர், எலுமிச்சை சர்பத். பதினோரு வருஷமாக நடக்கிறது. சங்கம் பதிந்து தனிக் கணக்கு தொடங்கலாம் என்றால், யார் தலைவர் என்பதில் நான்கு பேருக்கு ஐந்து சண்டை. அய்யாக்கண்ணு யோக்கியன், அவன் கணக்கிலேயே போடுங்கள் என்று முடித்துவிட்டார்கள். யோக்கியனாக இருந்ததற்குக் கிடைத்த வம்பு இது.

"முருகனை எனக்குத் தெரியும் அங்கிள்," என்றான் ஹைருல். "சின்னப் பிள்ளையில அந்த ரோட்டுல சர்பத் வாங்கிக் குடிச்சிருக்கேன். இந்த ஃபாரத்துக்குத்தான் அவரைத் தெரியாது. கணக்குல வந்தா வருமானம். வருமானம் இல்லன்னு காட்டணும்னா, குடுத்த ஒவ்வொருத்தர்கிட்டயும் நன்கொடைன்னு லெட்டர் வாங்கிட்டு வாங்க."

கொடுத்தவர்கள் பட்டியலை அவரே உட்கார்ந்து எழுதினார். முப்பத்தேழு பேர். மூச்சு வாங்குகிற மனிதரை வீட்டில் படுக்கவைத்துவிட்டு, டத்தோ கிராமாட்டிலிருந்து நான் பஸ் ஏறி இறங்கினேன். சூலியா தெருவில் காசு மாற்றுகிற சுலைமான் வருஷா வருஷம் எலுமிச்சம்பழத்துக்கென்று ஐந்நூறு தருவார். கடையிலேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்: 'இது பந்தலுக்குக் கொடுத்தது. அய்யாக்கண்ணுக்கு நான் ஒரு காசும் கொடுத்ததில்லை. இனியும் கொடுக்க மாட்டேன்.'

"என்ன அண்ணே இப்படி எழுதிட்டீங்க?"

"அழுத்தமா இருக்கட்டும்லா. அப்பத்தான் ஆபீஸ்ல நம்புவாங்க."

பட்டியலில் ஒரு பெயர் இல்லை. அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

எங்களுக்கு ஒரே பெண், காமினி. ஐந்து வருஷத்துக்கு முன்னால், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல், கிஷன் என்ற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஜொகூருக்குப் போய்விட்டாள். இவர் அன்றைக்கே தலைமுழுகிவிட்டார். அவள் என் கையில் கொடுத்தனுப்பிய முதல் காசை விசிறி அடித்தார். "அவ காசு இந்த வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்றார். சரி, வீட்டுக்குத்தானே வரக்கூடாது? பந்தல் காசு போடுகிற கணக்கு எண்ணை நான் காமினிக்குக் கொடுத்தேன். "பந்தல்னு மட்டும் போடு, பேரைப் போட்டுத் தொலைக்காதே" என்றேன். அப்பாவுக்குக் கொடுக்க முடியாததை மாதா மாதம் முருகனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். யாரோ பெயர் தெரியாத பக்தர் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்ற தைரியத்தில்தான் அவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி மூன்றாம் மாடி ஏறினேன்.

ஹைருல் முப்பத்தேழு கடிதங்களையும் டிக் போட்டான். பிறகு பேனா நின்றது.

"இன்னும் ஒருத்தர் பாக்கி. மாசா மாசம் போட்டிருக்காங்க. முந்நூத்தம்பது, முந்நூறு, முந்நூத்தம்பது. பேரு காமினி ஏ/பி அய்யாக்கண்ணு."

ஏ/பி என்றால் மலாயில் 'இன்னாருடைய மகள்' என்று அர்த்தம். பேங்க்காரன் பெயரையும் சேர்த்து அச்சடிப்பான் என்று எவன் எனக்குச் சொன்னான்? திரும்பி இவரைப் பார்த்தேன். மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் ஆச்சரியம் என்று ஒன்றுமே இல்லை. மாதா மாதம் பேங்க் அனுப்புகிற செய்தியில், போனில் அந்தப் பெயர் வந்திருக்கிறது. படித்துவிட்டு, என்னிடம் மூச்சு விடாமல் இருந்திருக்கிறார். கள்ள மனுஷன்!

ஹைருல் பேனாவைக் கீழே வைத்தான்.

"பிள்ளைங்க மாசா மாசம் போடுற காசு, என்ன பேர்ல போட்டாலும் வருமானம்தான் அங்கிள். சராசரி முந்நூத்தி முப்பத்தி மூணு. மொத்தம் ரெண்டாயிரத்தி முப்பத்தி மூணு ஆயிடும். அப்புறம் பாதிப் பணம்தான் கிடைக்கும்." குரலைத் தாழ்த்தினான். "பினாங்குல எத்தனையோ அய்யாக்கண்ணு இருப்பாங்க. இது யாருன்னு எனக்குத் தெரியாது. நீங்க சொல்றத எழுதிக்கிறேன்."

நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும், யாரும் கேட்காமலேயே, "எனக்குப் பிள்ளையே கிடையாது" என்று சொல்லித் திரிந்த வாய். ஐந்து வருஷமாகச் சும்மாவே சொன்னார். இன்றைக்குச் சொன்னால் நாலாயிரம் வெள்ளி. சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன்.

"என் மகதான்," என்றார். "ஒரே பிள்ளை."

ஹைருல் எழுதிக்கொண்டான்.

"பாதிக் காசு குடுத்தா பாதி மிஷினா தம்பி வைப்பாங்க?" என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன். ஆத்திரம் அவன் மேல் இல்லை. யார் மேல் என்றும் தெரியவில்லை. எனக்கு அந்த மனிதர் உயிரோடு வேண்டும், அவ்வளவுதான்.

அவன் கோபப்படாமல் அடுத்த கேள்விக்குப் போனான். "மீதியைக் கட்டப் பிள்ளைங்க யாராச்சும் இருக்காங்களா? போன் நம்பர் வேணும்."

நான் பையைத் திறந்து போனைத் தேடுவதற்குள் இவர் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தார். காற்றாடியைப் பார்த்தபடியே, ஒரு எண்கூடத் தடுக்காமல், கடைசி வரைக்கும் சொன்னார். ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட அழைக்காத நம்பர் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஹைருல் ஆபீஸ் போனில் அழைத்து விஷயத்தைச் சொன்னான். அந்தப் பக்கம் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டான்.

"மீதியை அவங்க கட்டுறாங்களாம்," என்றான். "இப்ப அழறாங்க. நீங்களே பேசுங்க அங்கிள்."

இவர் போனை வாங்கினார். தொண்டையைச் செருமினார். நானும் ஹைருலும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அந்த ஃபாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஜனவரியில அம்பது வெள்ளி கொறைஞ்சிருந்துச்சே," என்றார். "ஏம்மா, கையில கஷ்டமா?"