வந்த சோலி

"நம்ம வீட்டுக்கு வர்றவுக எந்திரிச்சுப் போறப்பத்தேன் வந்த சோலியச் சொல்றாக. மொதல்லயே சொன்னா என்னப்பா?" என்று ஐந்து வயதுப் பொன்னுமணி ஒருநாள் கேட்டாள்.

அவளுடைய அப்பா சீனிச்சாமி சிரித்தார். "அதுதேன் மரியாதை, ஆத்தா. வந்ததும் கைய நீட்டுனா பிச்சை. மழை உண்டா, மாடு கறக்குதான்னு நாலு விசாரிச்சுட்டு, ‘அப்பறம் இன்னொன்னு’ன்னு மெல்ல எடுத்தா ஒறவு."

சீனிச்சாமி மதுரையில் நாலு வருஷம் இங்கிலீஷ் படித்துவிட்டுப் போடிநாயக்கனூருக்குத் திரும்பியவர். ஏலமலைத் தோட்டத்துத் துரைமாருக்கு ஏழை எளியவர்கள் மனுப் போட வேண்டுமென்றால் அவரிடம்தான் வருவார்கள். மோரோவர், பிசைட்ஸ், ஃபர்தர்மோர் என்று, ‘மேலும்’, ‘அதுவுமன்றி’ என்ற பொருளில் வரும் சொற்களின்மேல் அவருக்குத் தனிப் பிரியம். ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் ஒன்றைச் சூட்டிவிடுவார். வாசலில் தோரணம் கட்டினதுபோல மனு நிறைந்திருக்கும்.

அந்த ஐப்பசியில் சிலமலை முத்துப்பேச்சி அவரைத் தேடி வந்தாள். அவள் புருஷன் வீரணன் ஏலக்காய் பறிக்க மலைக்குப் போன இடத்தில் காய்ச்சலில் விழுந்து கிடந்தான். துரை எழுத்தில் உத்தரவு கொடுக்காமல் அறுவடை முடியுமுன் ஆளை இறக்கக் கூடாது என்று கங்காணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"அவரக் கீழ கொண்டாந்துட்டாப் போதுங்கய்யா. ஒரு மாதிரி ஒப்பேத்திருவேன்" என்றாள்.

சீனிச்சாமி மனம் உருகி எழுதினார். துரையின் நலத்துக்குப் பிரார்த்தனை. குடிசை ஒழுகுகிறது. மோரோவர், இந்த வருஷம் கம்பளி தரவில்லை. பிசைட்ஸ், அரிசியில் பூஞ்சை. ஃபர்தர்மோர், வீரணனுக்குக் காய்ச்சலாக இருப்பதால் அவனைக் கீழே அனுப்பினால் நல்லது.

முத்துப்பேச்சி காகிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போடிமெட்டுப் பாதையில் ஏறினாள். இறங்கி வந்தபோது அவள் முகத்தில் அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"தொரை நல்லவருதேன்யா. கூரைக்குப் புல்லு போடச் சொல்லிட்டாரு. புதுக் கம்பளி குடுத்தாரு. அரிசியையும் மாத்திட்டாக. அவர மட்டும் விடல."

சீனிச்சாமி தம்மிடமிருந்த நகலை எடுத்துப் பார்த்தார். ஒரு சொல்லிலும் பிழையில்லை. கேட்காமல் வெறுமனே சொன்னதையெல்லாம் கொடுத்த மனிதர், கேட்டதை மட்டும் ஏன் கொடுக்கவில்லை? பணிவு போதவில்லையோ? சாமி கும்பிட்டுவிட்டு இரண்டாம் மனுவை எழுதினார். கம்பளிக்கு நன்றி. மோரோவர், மலைப்பாதை வழுக்குகிறது. பிசைட்ஸ், அட்டை கடிக்கிறது. இன்னும் ரெண்டு தோரணம் கட்டி, கடைசியில் வீரணனின் காய்ச்சல்.

இந்தத் தடவை அவள் வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சீனிச்சாமியின் மனைவி ராமுத்தாய் கம்பங்கூழ் கொடுத்து உட்கார வைத்தாள். முத்துப்பேச்சி நிதானமாக ஆரம்பித்தாள். பாதையைச் செப்பனிட ரெண்டு ஆளைத் துரை விட்டிருக்கிறார். அட்டைக்குச் சுண்ணாம்பும் புகையிலையும் ஆளுக்கொரு பொட்டலம். கங்காணிகூட முன்னைப்போல ஏசுவதில்லை.

"சுண்ணாம்பா கேட்டோம்?" என்றாள் ராமுத்தாய். "ஒங்க இங்கிலீசு யாருக்கு வெளங்குதோ, அந்த முருகனுக்குத்தேன் வெளிச்சம்."

சீனிச்சாமி மூன்றாவது மனுவுக்குக் காகிதம் எடுக்க உள்ளே திரும்பினார். முத்துப்பேச்சி கூழ்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்தாள். மழையைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னாள்:

"அப்பறம் இன்னொன்னுங்கய்யா. நேத்துலருந்து அவருக்கு நெனவு தப்பிருச்சு. என்னய யாருன்னு கேக்குறாரு."

சீனிச்சாமி அப்படியே நின்றுவிட்டார். அந்த வார்த்தை காதில் விழுந்தபோது அவர் பாதி உள்ளே போயிருந்தார். இன்னும் ரெண்டு எட்டு வைத்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டார். புகையிலைப் பொட்டலத்தை மனம் ஊன்றிக் கேட்டவருக்கு, ஓர் உயிர் போகிற சேதி வாசலில் உதிர்ந்த சொல்லாகப் போயிருக்கும்.

மலைமேல் உட்கார்ந்திருக்கும் துரைக்கும் இதுதானே நடந்திருக்கும்?

மோரோவரும் பிசைட்ஸும் முன்னே சொன்னதோடு இன்னும் கொஞ்சம் சேர்ப்பதற்கு. துரை அவற்றை அப்படித்தான் வாசித்திருக்கிறார். முதலில் இருந்ததை முதலில் பார்த்தார். கடைசியில் ஒட்டிக்கொண்டு வந்ததைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார். அவர்மேல் என்ன குற்றம்? ஆனால் எடுத்த எடுப்பில் கேட்பது எப்படி? பெரிய மனிதரின் சட்டையைப் பிடித்து உலுக்குவதுபோல அல்லவா இருக்கும்?

கை கூசியது. ஆனாலும் எழுதினார். வீரணனுக்குக் கடும் காய்ச்சல். நினைவு இல்லை. தயவுசெய்து இன்றே கீழே அனுப்புங்கள்.

முத்துப்பேச்சி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்புட்டுத்தேனாய்யா? போன தடவ ரெண்டு பக்கமும் இருந்துச்சே. தொரை கோவிச்சுக்கிட்டா?"

"கோவிச்சா என்னயக் கோவிக்கட்டும். வெரசாப் போ, தாயி."

மறுநாள் பொழுது சாயுமுன் டோலி வந்தது. நாலு ஆட்கள் வீரணனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கூடவே துரை மருந்தும் கொடுத்து அனுப்பியிருந்தார். டோலிக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்த முத்துப்பேச்சி சீனிச்சாமியைக் கண்டதும் நின்றாள்.

"‘மொதல்லயே ஏன் சொல்லல?’ன்னு தொரை சத்தம் போட்டாருன்னு கங்காணி சொல்றாரு. நாமதேன் மொதல்லயே சொன்னோமே! எனக்கு ஒண்ணும் வெளங்கலைங்கய்யா."

சீனிச்சாமி வாயைத் திறந்தார். அதற்குள் டோலி ஓடையைத் தாண்டிவிட்டது. அவள் அதன் பின்னாலேயே ஓடினாள்.

வீரணன் பிழைத்துக்கொண்டான். நினைவு திரும்பி அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான் என்று கேள்விப்பட்ட அன்று சீனிச்சாமி கோயிலில் விளக்குப் போட்டார். ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை. நோயாளியை மலையில் கிடத்தி, அவளை வீணாக ஏறி இறங்க வைத்தது தாமல்லவா? மரியாதை ஒருநாளும் குற்றமாகாது. ஆபத்தில் இருக்கிறவனை அதன் பின்னால் வரிசையில் நிற்க வைத்ததுதான் குற்றம். அவளுக்குத் தாம் பட்ட அந்தக் கடனைக் கடவுள் மறக்க மாட்டார் என்று அவருக்குத் தோன்றியது.

முத்துப்பேச்சி புருஷன் பக்கத்தை விட்டு நகர முடியாத அந்த நாட்களில் அவளுடைய சோளக்காட்டில் களை மண்டியது. ஒரு விடியற்காலை, வீட்டில்கூடச் சொல்லாமல், சீனிச்சாமி சிலமலைக்கு நடந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஈர மண்ணில் குனிந்தார். பழக்கமில்லாத கை; ஒன்றிரண்டு சோளப் பயிரும் களையோடு வந்துவிட்டன. அவற்றைத் திரும்ப ஊன்றி, மண்ணை அணைத்தார்.

மேற்கு மூலைவரை களையெடுத்து முடித்தபோது அடுத்த காட்டுக்காரரின் மாட்டுமணி கேட்டது. கையை ஓடையில் அலம்பிக்கொண்டு, ஊருக்குள் போகாமல் கரையோரமாகவே போடிக்குத் திரும்பினார்.