கழுவிய முதுகு

என் தங்கை புருஷன் எம்ரிஸ் பெவன் குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வாங்கியபோது அவனுடைய எடை நூற்றுப் பத்து ராத்தல். எங்கள் பள்ளத்தாக்கில் அதைவிடக் கனமான ஆடுகள் மேய்கின்றன. ஊரில் அவனுக்குச் சுண்டெலி என்று பெயர். அந்தச் சுண்டெலி சந்தையில் குத்துச்சண்டைக் கூடாரத்தில் ஒரே சாயங்காலம் ஏழு பேரை மல்லாத்தியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். ஆறு பேரைப் பார்த்தேன் என்பதுதான் சரி. ஏழாவது ஆள் நான். வீங்கிய தாடையோடு வீட்டுக்குப் போய் அவன் பெருமையையே பேசினேன். அடுத்த வருஷம் என் தங்கை ஓல்வென் அவனைக் கட்டிக்கொண்டாள்.

அவனும் நானும் ஒரே சுரங்கத்தில் கரி வெட்டுகிறவர்கள். இரண்டடி உயரக் குடைவில் ஒருக்களித்துப் படுத்து வெட்டுகிறவனுக்குக் கையை ஓங்க இடம் ஏது? அதனால் அவன் குத்து ஆறு அங்குலத்துக்குள்ளேயே கிளம்பும். வருவது தெரியாது, வந்தது மட்டும் தெரியும். கார்டிஃபில் ஒரு பிரெஞ்சுக்காரனை அப்படித்தான் பதினோராம் சுற்றில் படுக்கவைத்துப் பட்டத்தை வாங்கினான்.

எங்கள் ஆட்கள் முதுகைக் கழுவ மாட்டார்கள். வேலை விட்டு வந்தால் அடுப்புக்கு முன்னால் தொட்டி, வெந்நீர், சோப்பு எல்லாம் உண்டு. முதுகை மட்டும் பெண்டாட்டி உலர்ந்த துணியால் துடைத்துவிடுவாள். தண்ணீர் பட்டால் முதுகெலும்பின் பலம் இறங்கிவிடும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். என் அண்ணன் இட்வால் கல்யாணச் சட்டையில் கறை படக் கூடாதென்று ஒரு சனிக்கிழமை முதுகுக்குச் சோப்புப் போட்டான். புதன்கிழமை சுரங்கக் கூரையிலிருந்து அவன் முதுகில் கல் விழுந்தது. ஒன்பது வருஷமாக ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறான். இடுப்புக்குக் கீழே ஊசியால் குத்தினாலும் தெரியாது.

1913 பிப்ரவரியில் பட்டத்தைக் காக்க அவனும், மேடை மூலையில் அவனுக்கு உதவியாக நானும் லண்டனுக்குப் புறப்பட்டோம். எதிராளி சிட் பார்லோ, லண்டன்காரன், எட்டு ராத்தல் கூடுதல். ஸ்டேஷனில் ஓல்வென் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே, பட்டம் போனா மசிரே போச்சு. இன்னொரு கட்டில் போட நம்ம வீட்ல எடமில்ல. நடக்குற மனுஷனா கூட்டிட்டு வா."

சண்டை பெரிய மனிதர்களின் கிளப் ஒன்றில். எம்ரிஸ் சட்டையைக் கழற்றியதும் கிளப் மேலாளர் மூக்கைச் சுளித்தார்.

"இவ்வளவு அழுக்கோட எங்க மேடையில ஏறக் கூடாது."

"அது அழுக்கு இல்லீங்கய்யா, முதுகு" என்றேன்.

"கழுவணும். இல்லேன்னா பட்டம் பார்லோவுக்கு."

பத்து நிமிஷம் கத்தினேன், கெஞ்சினேன். அந்த ஆள் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். எம்ரிஸ் திரும்பி நின்று குனிந்தான். "தேயுங்கப்பா" என்றான். இரண்டு வேலையாட்கள் பிரஷ்ஷும் சோப்புமாக வந்தார்கள். பாத்திரம் விளக்குவதுபோல் விளக்கினார்கள். கட்டியவளே கரியில்லாமல் பார்த்திராத முதுகு, பால் வெள்ளையாக, கரித்தூள் ஏறிய நீலத் தழும்புகளோடு வெளியே வந்தது. அவன் சட்டையை எடுத்து நீட்டினேன்.

"மாப்ளே, வேணாம்டா. ஊருக்குப் போயிடலாம்."

"அட, அதெல்லாம் சும்மா கதை மச்சான். கையுறையைக் கட்டு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் அண்ணன் கதையா? கட்டினேன்.

அந்தக் கிளப்பில் சுற்று நடக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது, நானும்தான். முந்நூறு கனவான்கள் சுருட்டுப் பிடித்துக்கொண்டு சாவு வீட்டில்போல் உட்கார்ந்திருந்தார்கள். குத்து விழும் சத்தம் மட்டும் கேட்டது. நாலாம் சுற்றில் பார்லோ விலாவில் ஒன்று போட, எம்ரிஸ் மல்லாக்க விழுந்தான். கழுவிய முதுகு பலகையில் மோதிய சத்தம் என் பல்லில் கேட்டது. நடுவர் எட்டு எண்ணும்போது எழுந்தான். ஏழாம் சுற்றில் மறுபடி விழுந்தான், மறுபடி எழுந்தான்.

ஒன்பதாம் சுற்று முடிந்து எம்ரிஸ் மூலைக்கு வந்ததும் ஸ்பாஞ்சைக் கையில் எடுத்தேன். அதை மேடைக்குள் எறிந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

"போதும்டா. எறியப் போறேன்."

"எறி. எறிஞ்சிட்டு நீ தனியா ஊருக்குப் போ."

"இட்வாலை நெனச்சுப் பாருடா!"

"கதைன்னு சொன்னேன்ல? தண்ணி குடு."

ஸ்பாஞ்சைத் தொடைக்கு அடியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். கையில் இருந்தால் எறிந்துவிடுவேன். கால்சட்டை முழுக்க நனைந்தது.

பத்தாம் சுற்றிலிருந்து அவன் பின்வாங்கவே இல்லை. மேடை நடுவில் நின்றான். பார்லோ முன்னால் வரும்போதெல்லாம் இவனும் ஓர் அடி முன்னால் வைத்தான். இவனோடு தினமும் கரி வெட்டுகிறேன், ஒரே டப்பாவிலிருந்து ரொட்டி தின்கிறேன். ஆனால் அங்கே நின்றவனை எனக்குத் தெரியாது. பதினாலாம் சுற்றில் அந்த ஆறு அங்குலக் குத்து கிளம்பியது. பார்லோ எதையோ யோசிக்கிறவனைப்போல் தரையில் உட்கார்ந்தான். நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் கனவான்கள் சட்டத்தை மறந்து எழுந்து நின்று கத்தினார்கள். எண்ணி முடித்ததும் நான் மேடைக்குள் பாய்ந்தேன்.

உள்ளறைக்கு வந்ததும் எம்ரிஸ் பெஞ்சில் குப்புறப் படுத்தான்.

"கதவைச் சாத்து மச்சான்."

சாத்தினேன்.

"முதுகுல கை வையி. இருக்கா?"

"என்னடா இருக்கா?"

"எலும்பு. நாலாவதுல விழுந்தப்பவே போச்சுன்னு நெனச்சேன். காலு மரத்துப்போச்சு. இந்தத் தடவ எந்திரிச்சா அவ்வளவுதான், இட்வாலுக்குப் பக்கத்துல ஒரு கட்டிலுன்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் மச்சான்."

"கதைன்னு சொன்னியேடா!"

"ஒனக்காகச் சொன்னேன். ஒன் கை அப்படி நடுங்குச்சு."

நாலாம் சுற்றிலிருந்தே இவன் தன் கட்டிலைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் முன்னால் அடி வைத்திருக்கிறான். இவனுக்கு நான் தைரியம் சொல்ல வந்திருந்தேனாம். பிடரியில் விரலை வைத்து, ஒவ்வொரு எலும்பாகத் தொட்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டே இடுப்பு வரைக்கும் இறங்கினேன்.

"எல்லாம் இருக்கு மாப்ளே."

அவன் முகத்தைத் திருப்பவில்லை. தோள் குலுங்கியது.

"இன்னொரு தரம் எண்ணு" என்றான்.