ஏசிக்கு ஒரு ஜன்னல்

சுடலையம்மாள் வலது கையால் சுற்று மிஷினின் கைப்பிடியைச் சுற்ற, இடது விரல்களின் இடையே பேண்டேஜ் துணி இழுபட்டு ரோலாகிக்கொண்டிருந்தது. இருமல் வந்தால் சுற்றுவதை நிறுத்தி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். ராஜபாளையத்து அந்தக் கம்பெனிக் கூடத்துக்கு இருந்தது ஒரே ஜன்னல். மலைக்காற்று அது வழியாகத்தான் வரும். "பஞ்சு நெஞ்சுல தங்கியிருக்கு. காத்து வார எடத்துல உக்காந்தாத்தான் இனிமே நீ வேலை பாக்க முடியும்" என்று டாக்டர் சொன்ன பிறகு, முதலாளி ராஜரத்தினத்திடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய இடம் அது.

கூடத்தின் மூலையில் முதலாளி மேஜை. அதன் மேல் கம்ப்யூட்டர். அதைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மெக்கானிக் முத்து முகம்மது வந்திருந்தான்.

"புதுசா விண்டோஸ் தொண்ணூத்தஞ்சு வந்திருக்காம்ல பாய். மெட்ராஸ் பார்ட்டி அதுலதான் பில்லு கேக்கான். நம்ம மிஷினு தாங்குமான்னு பாருங்க" என்றார் முதலாளி.

பெட்டியை நாலு மடிப்புப் பேண்டேஜ் துணியால் சுற்றி, திரையை மட்டும் வெளியே விட்டிருந்தார்கள்.

"ஓடும்போதும் இப்படியே மூடித்தான் இருக்குமா அண்ணாச்சி?"

"பொறவு? புண்ணுக்குக் கட்டுத துணி. தூசி அண்டுமா?" முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை.

முத்து முகம்மது துணியை உருவிவிட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியைத் தூக்கினான். உள்ளே தலையணையைக் கிழித்துக் கொட்டியது மாதிரி பஞ்சு. ஃபேன் அதற்குள் சிக்கி நின்றிருந்தது. கை கையாக அள்ளிப் போட்டு, துடைத்து, மறுபடி ஓட்டிப் பார்த்தான்.

"மெமரி நாலு எம்பிதான் இருக்கு. தொண்ணூத்தஞ்சு ஏறும், ஆனா ஊர்ந்துக்கிட்டுத்தான் போகும். ஒரு பில்லு வாரதுக்குள்ள உங்களுக்குத் தூக்கம் வந்திரும். புது மிஷினுதான் வாங்கணும். அதுக்காவது துணியப் போத்தாதீங்க அண்ணாச்சி. இம்புட்டுப் பஞ்சும் அதுலேர்ந்து உதுந்ததுதான். தனி ரூமு போட்டு ஏசி வச்சா இன்னும் நல்லது."

முதலாளி காதில் கடைசிப் பேச்சு மட்டும்தான் ஏறியது. கூடத்தைத் திரும்பிப் பார்த்து முறைத்தார். "எல்லாம் இவளுக உதறுத தூசி பாய். ஒரு மிஷினையே கொன்னுட்டாளுக."

சுடலையம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைப்பிடியை விட்டாள்.

"அவிய என்ன சொன்னாவ, நீங்க என்ன பேசுதீக? நீங்க போத்துன துணி உதுந்த பஞ்சு மொதலாளி அது!"

"ஏட்டி, ஒங்கிட்ட யாரு கேட்டா? வாய மூடிக்கிட்டுச் சுத்து."

"பெட்டிக்கு மூச்சு முட்டுனா புதுசு வாங்குதீக. எங்களுக்கு முட்டுனா?"

பக்கத்தில் இருந்த வெள்ளத்தாய் அவள் தொடையைக் கிள்ளினாள். "சும்மா இரு தாயி. நாளைக்கு வேலைக்கு வரணும்ல?"

முதலாளி அந்தப் பக்கமே திரும்பவில்லை. "ஏசிய எங்க மாட்டுறது பாய்?"

முத்து முகம்மது ஜன்னலைப் பார்த்தான். அதன் கீழே உட்கார்ந்திருந்தவளையும் பார்த்தான். "வேற செவுத்துல ஓட்டை போட்டுக்கிடலாம் அண்ணாச்சி."

"செவுத்த எதுக்கு ஒடைக்கணும்? அதான் ஜன்னல் கெடக்கே."

மறுவாரமே ஆசாரி வந்துவிட்டார். ஜன்னலை உள்ளே வைத்துப் பலகைச் சுவர் எழும்பியது. சுடலையம்மாளின் சுற்று மிஷினைத் தூக்கி, துணிக் கட்டுகள் அடுக்கியிருந்த கோடியில் போட்டார்கள். மதியத்துக்குள் அவளுக்கு நெஞ்சு இழுக்க ஆரம்பித்தது. முதலாளியிடம் போய் நின்றாள்.

"அந்த ரூமுக்குள்ளயே ஒரு மூலையில உக்காந்து சுத்துதேன் மொதலாளி. மிஷின் பக்கமே போக மாட்டேன். இல்லன்னா என்னால ஏலாது."

"நானே செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணுமாம். நீ மேலெல்லாம் பஞ்சோட உள்ள வாரேங்கியா? ஏலாதுன்னா வீட்டுல இரு." சொல்லிவிட்டுப் பலகையைக் காட்டினார். "சும்மாதான நிக்க? ஆசாரிக்கு அத செத்த நேரம் பிடி."

கடைசிப் பலகை அது. அந்த இடைவெளி வழியாக இன்னும் காற்று வந்துகொண்டிருந்தது. அவள் பலகையைத் தூக்கி அதில் பொருத்தினாள். இருமல் வந்தது. பலகை ஆடியது.

"ஆணி கோணுதும்மா" என்றார் ஆசாரி. "இருமாமப் பிடிங்க."

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பிடித்தாள். ஆசாரி ஆணியை அடித்தார்.