ஒரு விக்கெட் கூடுதல்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை என் அக்காவிடம் கேட்டது. "யார்கிட்டயும் சொல்லாதேடா" என்றாள். சொல்லவில்லை, எழுதுகிறேன். என் புத்தி அப்படி.

அக்கா ஒரு விளையாட்டுத் தொலைக்காட்சியில் புள்ளிவிவரம் பார்க்கிறாள். 'இந்தத் தலைமுறையின் பெரிய பேட்ஸ்மேன் யார்?' என்று மாலை ஆறு மணிக்கு நேரலை நிகழ்ச்சி. போட்டியில் இருவர். ஒருவர் பூட்டு, நாள் முழுக்கப் பந்து வீசினாலும் திறக்க மாட்டார். இன்னொருவர் சரவெடி, அவர் இறங்கினால் பந்து பொறுக்க ஆள் போதாது. (பட்டப்பெயர்கள் நான் வைத்தவை. எண்களும் என்னுடையவைதான். அக்கா பார்த்தால் அடிக்க வருவாள்.)

2

ஆறு மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கையில், அவள் நெற்றியில் வியர்வை...

வேண்டாம், வியர்வை எல்லாக் கதையிலும் வருகிறது. நேராகவே சொல்கிறேன். டெஸ்டில் பூட்டு முந்திவிட்டார். இருபது ஓவரில் சரவெடி. ஆக, ஒருநாள் ஆட்டம்தான் தீர்ப்பு. அதில் பூட்டின் சராசரி 54.20. சரவெடி 6480 ரன், 120 முறை அவுட், சராசரி 54.00. மயிரிழையில் பூட்டு ஜெயித்தார். கேடயத்தில் அவர் பெயரைப் பொறித்தாயிற்று. அவரும் அரங்கில் வந்து உட்கார்ந்தாயிற்று.

(மகளையும் கூட்டி வந்திருந்தாராம். கண்ணீருக்கு வலை வீசுகிறான் என்பீர்கள். வந்திருந்தாளே, நான் என்ன செய்ய?)

3

கடைசியாக ஒருமுறை பட்டியலைப் பார்த்தபோதுதான் அக்கா தன் பிழையைக் கண்டுபிடித்தாள். ஓர் ஆட்டத்தில் சரவெடி விரலில் அடிபட்டுப் பாதியில் வெளியேறியிருந்தார். அப்படிப் போனால் அவுட் கணக்கில் வராது. அவசரத்தில் அக்கா சேர்த்துவிட்டாள். 120 இல்லை, 119. சராசரி 54.45. ஜெயித்தது சரவெடி.

போன மாதம் ஒரு பிழை நடந்தபோதே தயாரிப்பாளர் சொல்லியிருந்தார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீங்களே கிளம்பிடுங்கம்மா. என்னைச் சொல்ல வைக்காதீங்க."

(இங்கே அவளுக்கு வேலையில்லாத ஒரு கணவனைக் கொடுத்துப் பார்த்தேன், பயத்துக்குக் காரணம் வேண்டுமே என்று. அடித்துவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயத்துக்குக் கணவன் எதற்கு?)

4

தாளை எடுத்துக்கொண்டு அரங்கக் கதவு வரை ஓடினாள். தயாரிப்பாளர் திரும்பினார்.

"என்னம்மா, எல்லாம் சரிதானே?"

முடிவு ஒன்று: "சார், ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று அக்கா...

முடிவு இரண்டு: "சரிதான் சார்" என்று அக்கா...

இரண்டும் பாதியில் நிற்கின்றன. அக்கா என்னிடம் சொன்னது அந்தக் கேள்வி வரைதான். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "சாப்பாடு ஆறுது, முதல்ல சாப்பிடு" என்றாள். நிகழ்ச்சியில் கேடயம் வாங்கியது பூட்டுதான். அதை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. அவள் சொல்லியும் தயாரிப்பாளர் அமுக்கியிருக்கலாம்.

5

நேற்று இதுவரை எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"நான் சொன்னேன்னு மட்டும் எழுதிடாதே."

"அப்போ நீ சொல்லலையா?"

"அப்படியும் எழுதாதே."

அவள் சொல்லவில்லை என்று எழுதினால், பழி அவள் தலையில். சொன்னாள் என்று எழுதினால், மறைத்தவர் தயாரிப்பாளர். அவர் சும்மா விடுவாரா? எப்படி எழுதினாலும் வேலை போகும். கதையைவிட எனக்கு அக்காதான் பெரிது என்று சொல்ல ஆசை. அது உண்மையென்றால் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைசி வரியை நான் எழுதப் போவதில்லை. நீங்கள் எழுதுவதானால், அவள் நாளைக் காலையும் அங்கே வேலைக்குப் போக வேண்டியவள் என்பதை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.