புல் குடிச்சுக்கும்

காப்பீட்டுக் கம்பெனியில் பயிற்சி அதிகாரியாக இருந்த அவருக்கு ஆபீஸில் வைத்திருந்த பட்டப்பெயர் மைக். கையில் மைக் இல்லாதபோதும் இருப்பது போலவே பேசுவார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கே, சாப்பாட்டு மேசையில் மனைவி ஒருத்தியை மட்டும் சபையாக உட்கார வைத்து ஓர் உரை நிகழ்த்தினார். வீடு என்பது ஒரு நங்கூரமாம். நங்கூரம் போட்ட கப்பலுக்குக் கடல் எப்படியிருக்கும் என்றே தெரியாதாம். அதனால் வீட்டை விற்றுவிட்டு ஒரு கேரவன் வாங்கி, மிச்ச வாழ்க்கையைச் சக்கரத்தின் மேல் வாழ்ந்துவிடலாமாம்.

"என் முன்னறை?" என்று கேட்டாள் மனைவி.

அந்த முன்னறையில் அவள் இரண்டு கட்டில் போட்டு, சுவரில் வரிசையாகப் பிடிகட்டைகள் அடித்து, பிசியோதெரபி பார்த்துவந்தாள். முழங்கால் மாற்றிக்கொண்டவர்கள், தோளைத் தூக்க முடியாதவர்கள், பக்கவாதம் வந்து ஒற்றை விரலை அசைப்பதற்கு மாசக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்கள் என்று காலையிலிருந்து ஆள் வந்தபடி இருக்கும்.

"உன் கை உன்கூடத்தான வரப்போகுது? போற இடத்துல வைத்தியம் பாரு" என்றார் மைக். கட்டிலும் கட்டையும் நோயாளிகளும் பின்னாலேயே ஓடி வருவார்கள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட விற்க முடியாது. வாங்குவதற்கு ஆளையும் பிடித்து வைத்துவிட்ட மைக், கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போல நாளெல்லாம் அவளுக்குச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் அவள்தான் ஒரு வழி சொன்னாள். "முதல்ல ஒரு வண்டிய வாடகைக்கு எடுத்து ஒரு தடவை போய்ப் பாப்போம். ஒத்துவந்தா, திரும்பி வந்ததும் கையெழுத்துப் போடறேன்."

அவளுக்கும் உள்ளுக்குள் ஓர் ஆசை இல்லாமலில்லை. முதல் நாள் மலைப்பாதையில் போகும்போது, சின்னக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஜன்னல் வழியாக மரங்கள் பின்னால் ஓடுவதைப் பார்த்தாள். அலமாரிக்குள் தம்ளர்கள் ஒன்றோடொன்று மெதுவாக உரசிக்கொண்டன. இது நன்றாகத்தான் இருக்கிறது, இவர் வாயைத் திறக்காமல் வண்டியை ஓட்டினால் உலகத்தின் மறு ஓரம் வரைக்கும் போகலாம் என்று நினைத்தாள்.

மைக் வாயைத் திறந்தார்.

"கேரவன்ல மூணு விதமான தண்ணி உண்டு, தெரியுமா? நல்ல தண்ணி. கக்கூஸ் தண்ணி, அதுக்குத் தனிப் பெட்டி. மூணாவது சாம்பல் தண்ணி. நீ பாத்திரம் கழுவறது, நான் குளிக்கறது, பல் தேய்ச்சுத் துப்பறது எல்லாம் வண்டிக்கு அடியில ஒரு தொட்டியில போய்ச் சேரும். அதுக்கு ஒரு வால்வு. ரொம்ப சிம்பிள்."

வண்டியைக் கொடுத்த பையன் இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டியபோது மைக் சற்றுத் தள்ளி நின்று தன்னைத்தானே வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்துக் கேட்டுக்கொண்டவள் அவள்தான். தொட்டி நிறைந்தால் எங்கே கொட்ட வேண்டும், குழாயை எப்படி மாட்ட வேண்டும், தேங்கவிட்டால் என்ன நாற்றம் நாறும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் தலையாட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கழுத்துக்கு அவளே கொடுத்துவந்த ஒரே பயிற்சி அதுதான்.

முகாம் ஓர் ஏரிக்கு மேலே, புல் சரிவில் இருந்தது. வாசல் அறையில் இருந்த நிர்வாகி அம்மாள் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை மட்டும் நீட்டினாள். "உங்க இடம் அந்தக் கடைசி. கழிவுத்தண்ணி கொட்டறதுக்கு கேட் பக்கத்துல சிமெண்ட் தொட்டி இருக்கு. அங்க மட்டும்தான். தரையில விடாதீங்க."

"மேடம், இயற்கைய நேசிக்கறவங்ககிட்ட இத நீங்க சொல்லவே வேண்டாம்" என்றார் மைக், நெஞ்சில் கைவைத்து.

அம்மாள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் செல்போனுக்கே போய்விட்டாள்.

இடத்தில் வண்டியை நிறுத்தியதும் மைக் செய்த முதல் காரியம், அடியில் குனிந்து வால்வை லேசாகத் திறந்துவிட்டதுதான். ஒரு நூல் கனத்தில் தண்ணீர் புல்லில் இறங்கியது.

"ஏங்க! அந்தம்மா இப்பத்தான சொன்னாங்க?"

"அது லாரி லாரியா வந்து கொட்டறவங்களுக்கு. இது சொட்டுநீர்ப் பாசனம். புல் குடிச்சுக்கும்."

"சோப்பும் எண்ணெயும் போகுது. கீழ ஏரி இருக்கு."

"நம்ம சோப்பு இயற்கை சோப்பு. டப்பாவுல இலை படம் போட்டிருக்கு பாரு."

டப்பாவில் இலைப் படம் இருந்தது உண்மைதான். பக்கத்தில் ஒரு முயல் படமும் இருந்தது.

அடுத்த வண்டியில் ஒரு கணவன் மனைவி இருந்தார்கள். சாப்பிட்டதும் தட்டுகளைப் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டுத்தான் கழுவுவார்கள். வண்டிக்கு அடியில் வால்வுக்கு நேராக ஒரு வாளி, வாளிக்கு ஒரு மூடி. நிறைந்ததும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, தளும்பாமல், கேட் வரைக்கும் நடந்து போய்ச் சிமெண்ட் தொட்டியில் ஊற்றிவிட்டு வருவார்கள். மைக்குக்கு அதைப் பார்த்தாலே குஷி பிறந்துவிடும்.

"பாரு, பால்காரங்க கிளம்பிட்டாங்க."

"நம்மகிட்டயும் வாளி இருக்கு. நான் ஒரு பக்கம் பிடிக்கறேன், வாங்க."

"அத்தனை பேருக்கு ட்ரெயினிங் குடுத்தவன் வாளி தூக்கிட்டுப் போறதப் பாத்தா..."

"இங்க யாருங்க உங்களத் தெரிஞ்சவங்க? யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்ல?"

அன்று முதல் அவள் பாத்திரங்களை ஒரு பேசினில் கழுவி, அந்தத் தண்ணீரைத் தானே கொண்டுபோய்ச் சிமெண்ட் தொட்டியில் கொட்டினாள். பல் தேய்த்ததையும் ஒரு தம்ளரில் துப்பிக் கொண்டுபோனாள். குளியலுக்கு முகாமின் பொதுக் குளியலறைக்குப் போனாள். மைக் வண்டிக்குள்ளேதான் குளித்தார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, பாட்டோடு. பாட்டு முடிகிற வரைக்கும் தண்ணீரும் ஓடும். பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடுகிற பழக்கம் வேறு அவருக்கு இருந்தது. அது நூல் நூலாக, ராப்பகலாக அடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் நாற்றம் ஆரம்பித்தது. அழுக்குத் துணியை ஊறப்போட்டு மறந்துவிட்டால் வருமே, அதில் பழைய முட்டையைக் கலந்த மாதிரி. ஈக்கள் கூட்டம் கூட்டமாக வண்டிக்கு அடியில் போய் வந்தன. பக்கத்து வண்டிக்காரர்கள் தங்கள் நாற்காலிகளைத் தூக்கி மறுபக்கம் போட்டுக்கொண்டார்கள். அந்த மனைவி மூக்கைப் பொத்தவில்லை. பொத்தியிருந்தால்கூட இவளுக்கு இவ்வளவு கூசியிருக்காது.

"ஏரி வாசனை" என்றார் மைக், ஆழமாக மூச்சிழுத்து. அதோடு நிற்கவில்லை. செல்போனை நீட்டிப் பிடித்து, பழைய ஆபீஸ் நண்பர்களின் குழுவுக்கு ஒரு வீடியோ எடுத்தார். "நண்பர்களே, ஈர மண்ணின் மணத்தில் விழித்தெழுகிறேன். தடம் பதிக்காமல் பயணிப்போம். பூமியை அடுத்தவர்களுக்கு அப்படியே விட்டுச்செல்வோம்." அவர் நின்ற இடத்தில் செருப்புக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் நுரை பிதுங்கியது. அது வீடியோவில் வராதபடி இடுப்புக்கு மேலே எடுத்துக்கொண்டார். குழுவில் கைதட்டும் பொம்மைகள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றையும் அவளிடம் காட்டினார்.

கிளம்புகிற நாள் காலையில் சாமான்களை ஏற்றி, மேல் ஜன்னலைச் சாத்தி, மைக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். வண்டி கிளம்பவில்லை. இன்னும் மிதித்தார். பின் சக்கரங்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றின. வண்டியின் பின்பக்கம், சோபாவில் உட்காரும் பெரிய மனுஷர் மாதிரி, பெருமூச்சோடு கீழே இறங்கியது.

அவள் இறங்கிப் பார்த்தாள். சுற்றிலும் மண் கல்லாகக் காய்ந்து கிடந்தது. இவர்கள் வண்டிக்கு அடியில் மட்டும் களி. புல் எதையும் குடிக்கவில்லை. மஞ்சளாக வெந்து, வழுவழுவென்று படுத்துக் கிடந்தது.

"பின்னால போய்த் தள்ளு!" என்று கத்தினார் மைக்.

"நான் ஒருத்தியா?"

வாளிக்காரர் வந்தார். அவர் மனைவியும் வந்தாள். வேறு வண்டிகளிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். "ஒண்ணு, ரெண்டு" என்று எல்லோரும் தோளைக் கொடுத்தபோது மைக் முழு பலத்தையும் காலில் காட்டினார். சக்கரம் சீறியது. அவருடைய அத்தனை குளியலும், எச்சிலும், ஷாம்பு நுரையும், சவரம் செய்த முடியும் மண்ணோடு குழைந்து எழும்பி, தள்ளிக்கொண்டிருந்தவர்களின் முகத்திலும் மார்பிலும் வந்து விழுந்தன. ஒருவர் வாயைத் திறந்து வைத்திருந்தார். பாவம், உதவி செய்ய வந்தவர்.

வண்டி இன்னும் ஒரு சாண் இறங்கியது.

மைக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே இறங்கி வந்தார். சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. சேறு வழிய நிற்கிற முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். கூட்டத்தைக் கண்டதும் தொண்டை தானாகவே கனைத்துக்கொண்டது.

"சாரி ஃப்ரெண்ட்ஸ். என்ன பண்றது, இவளுக்குக் கை கொஞ்சம் தாராளம். ஒரு தம்ளர் கழுவ ஒரு குடம் தண்ணி விடுவா. நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். லேடீஸுக்குத் தண்ணியோட அருமை தெரியறதில்ல."

சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்து ஒரு கணம் நிறுத்தினார். யாரும் சிரிக்கவில்லை.

அவள் கன்னத்திலிருந்த சேற்றைப் புறங்கையால் வழித்தாள். அது அவருடைய ஷாம்பு மணத்தோடு இருந்தது.

"இந்த அம்மா டெய்லி பேசினத் தூக்கிட்டு எங்களோடதான வரிசையில நின்னாங்க?" என்றாள் வாளிக்காரரின் மனைவி. "உங்களத்தான் சார் அந்தப் பக்கமே பாத்ததில்ல."

"அது வந்து, டெக்னிக்கலா பாத்தா..."

"வால்வத் திறந்து விட்டது இவரு" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. நோயாளியிடம் எந்தத் தசை கிழிந்திருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். "வந்த அன்னைக்கே திறந்தாரு. மூடச் சொன்னேன், மூடல. குளிச்சதும் இவருதான்."

வாயைத் திறந்து வைத்திருந்தவர் ஓரமாகப் போய்த் துப்பினார். துப்பிவிட்டு மறுபடியும் துப்பினார்.

நிர்வாகி அம்மாள் டிராக்டரோடு வந்தாள். செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்ததிலிருந்தே விஷயம் பெரிது என்று தெரிந்தது. வண்டியைச் சங்கிலி போட்டு இழுத்து வெளியே விட்டாள். அது கிடந்த பள்ளத்தைப் பார்த்தாள். மைக்கின் பக்கம் திரும்பி, "இயற்கைய நேசிக்கறவரு நீங்கதான?" என்றாள். அடுத்த தடவை இவருக்கு இடம் கிடையாது என்பதைச் சொல்லாமலே சொல்லிவிட்டு டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போனாள்.

வண்டி கேட்டை நோக்கி நகர்ந்தது. அவள் முன் சீட்டில் ஈரத் துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிமெண்ட் தொட்டி தெரிந்தது. முன்னால் ஒரே ஒரு வண்டி நின்றிருந்தது. மைக் வேகத்தைக் குறைக்கவில்லை.

"வால்வ நான் மூடிட்டேன். இறங்கினது போக வண்டித் தொட்டியில இன்னும் பாதி இருக்கு" என்றாள்.

"போற வழியில இறக்கம் வரும். லேசாத் திறந்துவிட்டா ரோட்டுலயே காஞ்சிரும். யாருக்கும் தெரியாது."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். வெட்கமோ எரிச்சலோ ஏதாவது ஒன்று இருக்கும் என்று தேடினாள். ஒன்றுமில்லை. குளித்துச் சவரம் செய்த, நல்ல தூக்கம் தூங்கிய முகம். அடுத்த வீடியோவில் என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. இந்த மனுஷன் தன் அழுக்கைத் தன்னுடையது என்று ஒருநாளும் நினைக்கப்போவதில்லை. எங்கே நிறுத்தினாலும் கொஞ்சம் மேட்டில்தான் நிறுத்துவார். கீழே யாராவது இருப்பார்கள். யாருமில்லாத இடத்தில் அவள் இருப்பாள்.

"நிறுத்துங்க."

"என்ன இப்ப?"

"வண்டிய வரிசையில நிறுத்துங்க. நான் கையெழுத்துப் போடப்போறதில்ல. வீடு விக்கல."

மைக் பிரேக்கை மிதித்தார். அலமாரியில் தம்ளர்கள் உருண்டன.

"ஒரு வாளி அழுக்குத் தண்ணிக்காகவா?"

"ஆமா."

"இந்தா பாரு, வாழ்க்கைங்கறது ஒரு..."

"அதெல்லாம் அப்புறம். இறங்கி அதக் கொட்டுங்க. பின்னால வண்டி வந்துருச்சு."

பின்னால் வந்து நின்றது வாளிக்காரர்களின் வண்டி. அவர்கள் பார்க்கிறார்கள் என்பதால்தான் மைக் இறங்கினார். அது அவளுக்கும் தெரியும். இறங்கி, பக்கப் பெட்டியைத் திறந்து, இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத குழாயை எடுத்தார். உறையை நகத்தால் கீறிப் பார்த்தார். பல்லால் கடித்துப் பார்த்தார்.

அவள் செல்போனை எடுத்து ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரைக் கூப்பிட்டாள். தோள்பட்டை இறுகிப்போய்ச் சட்டையைத் தானே போட்டுக்கொள்ள முடியாமல் இருந்தவர். இன்னும் பாதிதான் சரியாகியிருந்தது.

"ஐயா, நான்தான். திங்கட்கிழமை எப்பவும் போல வாங்க... இல்லைங்கய்யா, வீடு மாறல. அதே இடம்தான், அதே கட்டில்தான்... கைய எதுவரைக்கும் தூக்கறீங்க இப்ப? காது வரைக்குமா? அட, பரவாயில்லையே!"

வெளியே மைக் குழாயின் ஒரு முனையை இந்தக் கையிலும் மறு முனையை அந்தக் கையிலும் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். மண்டி போட்டால் பேன்ட் அழுக்காகும். கொஞ்ச நேரம் நின்று யோசித்தார்.

"ஏம்மா! இத எங்க மாட்டணும்?"

அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தபால்காரரிடம் அடுத்த கையையும் தூக்கிப் பார்க்கச் சொன்னாள்.