ஃப்ரீசரில் ஒரு பச்சைக் கார்

மூன்றாவது உருளைக்கிழங்கு சீஸ் தட்டுக்கு இடம் பண்ணுவதற்காக, கராஜில் இருந்த பெரிய ஃப்ரீசரிலிருந்து மான்கறிப் பொட்டலங்களை எடுத்துத் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தாள் நாடீன். ஒரு சாவு விழுந்தால் போதும், சர்ச்சுப் பெண்களுக்கு உருளைக்கிழங்கைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வராது. அவள் அப்பா வாரன் செத்து இன்றோடு நாலாவது நாள். பதினொரு மணிக்கு அடக்கம். இப்போது மணி எட்டரை.

கறிக்கு அடியில், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள், உள்ளங்கை நீளத்தில் ஒரு பச்சைக் கார் கிடந்தது.

"அம்மா, ஃப்ரீசர்ல எதுக்கு கார் இருக்கு?"

சமையலறையில் ஹாம் பன்றிக்கறியை நறுக்கிக்கொண்டிருந்த லோயிஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்கப்பா வெச்சதாத்தான் இருக்கும். நாப்பத்தாறு வருஷத்துல நான் எத்தனைய கேக்கறது? ரெண்டு மாசமா கீழயே கெடந்தாரு. ஒரே பசை நாத்தம். கேட்டா, 'ஒண்ணுமில்ல'ன்னாரு."

நாடீன் நிலவறைக்கு இறங்கினாள். மூன்று சுவர்களிலும் தரையிலிருந்து கூரைவரை அப்பாவின் பெட்டிகள். எல்லாம் பாகம் பாகமாக ஒட்டிக் கட்டும் பழைய பிளாஸ்டிக் பொம்மைக் கார் கிட்டுகள். உள்ளே பாகங்கள் உதிரியாகக் கிடக்க, மேலே வண்ணப்படம் போட்டு, சுற்றிய செலோபேன் கண்ணாடித்தாள் பிரிக்கப்படாமல் அறுபது வருடமாக அப்படியே இருப்பவை. வாரன் அவற்றை வாங்குவார், துடைப்பார், அடுக்குவார். திறக்க மட்டும் மாட்டார். ஒரு கிட் கிடைத்தால் இன்னொன்றும் தேடி வாங்கி வைப்பார். எதற்கு இரண்டு என்று கேட்டால், ஒன்றுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்பார்.

இன்று மேசைமேல் ஒரு பெட்டி மூடி திறந்து கிடந்தது. அறுபத்து மூன்றாம் வருட இம்பாலா கார். உள்ளே ஒன்றுமில்லை, பிரித்த செலோபேன் தாள் மட்டும் நாலாக மடித்து, கைக்குட்டைபோல நீவி வைக்கப்பட்டிருந்தது.

அந்த இம்பாலாதான் இந்த வீட்டில் வெடித்த வெடி. வாரன், அவர் தம்பி கிளெம் இருவரின் அப்பா ஃப்ளிண்ட் ஊர் கார் ஆலையில் கதவு மாட்டிய கார் அது. வாரன் சேர்த்து வைக்கிறவர் என்றால் கிளெம் கட்டுகிறவர். கையில் கிட் கிடைத்தால் அன்றைக்கே பிரித்து, ஒட்டி, சாயம் பூசி அலமாரியில் நிறுத்திவிடுவார். 'வைக்கோல் போர் நாய், தானும் தின்னாது மாட்டையும் தின்ன விடாது' என்பார் அண்ணனை. 'குரங்கு கையில பூமாலை' என்பார் வாரன் தம்பியை. ஐம்பது வருடம் இதை இருவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன் வாரனுக்கு இதய ஆபரேஷன். நாய்க்குச் சோறு வைக்கச் சாவி வாங்கிய கிளெம், நிலவறையிலிருந்து இம்பாலாவை எடுத்துப்போய்ப் பத்து நாளில் கட்டிமுடித்தார். பூசியது தங்கள் அப்பா ஓட்டிய காரின் அதே வெளிர்பச்சை. ஆஸ்பத்திரியில் அண்ணன் கையில் கொடுத்தபோது அவருக்கே கண் கலங்கியிருந்தது. வாரன் காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெட்டி எங்க?"

"குப்பையில போட்டுட்டேன்."

அதோடு சரி. கிளெம் காரைத் தூக்கிக்கொண்டு போனவர்தான், அப்புறம் இருவருக்கும் பேச்சே இல்லை. நேற்று நாடீன் போன் பண்ணியபோதுகூட, "கல்லறைக்கு வர்றேன். பின்னாடி நின்னுக்கறேன். சவப்பெட்டி தூக்கறதுக்கு வேற ஆளப் பாரு" என்று வைத்துவிட்டார். அதிலிருந்து லோயிஸ் ஒரே பிடியாக நிற்கிறாள்: தம்பி இருக்கும்போது வேற்றாள் தோளில் அவரை அனுப்பமாட்டேன். நாடீனுக்கும் அதுதான் உறுத்தியது. மண்ணைப் போட்டு மூடியபிறகு யார் யாரிடம் சமாதானம் பேசுவது?

அப்பா எதற்கோதான் குளிரில் வைத்திருப்பார் என்று அவள் பையை ஐஸ்பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் மான்கறியைப் பொதிந்து, வண்டியை எடுத்தாள்.

சித்தப்பா வீட்டுக்குப் பன்னிரண்டு மைல். கிளெம் பனியனும் தொங்கும் வார்பட்டையுமாகக் கதவைத் திறந்தார்.

"பின்னாடி நிக்கிறேன்னு சொன்னேன்ல?"

"அதுக்கு வரல சித்தப்பா. இத பாருங்க."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். பையைத் திறந்ததுமே முகம் கோணியது.

"யாரும்மா கட்டினா இத? உன் பேத்தியா?"

"எனக்கு எங்க பேத்தி?"

"பின்ன யாரு? பெயிண்ட்ட தோசைமாவு மாதிரி ஊத்தியிருக்கு. கண்ணாடி பூரா பசை. கட்டைவிரல் ரேகையே விழுந்திருக்கு பாரு. பம்பர..." அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "அடப்பாவி, பம்பர தலைகீழா ஒட்டியிருக்கான். ஆறு வயசுல நான்கூட இப்படிப் பண்ணல."

"ஃப்ரீசர்ல இருந்துச்சு."

"ஃப்ரீசர்லயா?" கிளெம் நிமிர்ந்தார். "குளிர்ல பசை மொறுமொறுன்னு ஆயிரும். லேசாத் திருகினா கழண்டு வரும். தப்பா ஒட்டினத பிரிக்கிற வழி அது. இந்தப் பக்கத்துல அது எனக்குத்தான் தெரியும். உங்கப்பனுக்குச் சொன்னேன் ஒரு தடவ. 'எனக்கு எதுக்குடா அது, நான் என்ன ஒட்டவா போறேன்'னான்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். பிறகு காரைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தார். அலமாரிக்குப் போய் அங்கே நின்ற தன் வெளிர்பச்சை இம்பாலாவை எடுத்துவந்து மேசையில் பக்கத்தில் வைத்தார். ஒரே கார். ஒன்று பளபளவென்று நின்றது. மற்றது பொங்கல் பானைபோல வழிந்து நின்றது.

"ரெண்டு வெச்சிருந்தானா?"

"எதையுமே ரெண்டாத்தானே வாங்குவாரு? இது ரெண்டாவது. காலிப் பெட்டி மேச மேல இருக்கு சித்தப்பா. அவரே பிரிச்சிருக்காரு. செலோபேன மடிச்சு வெச்சிருக்காரு."

"மடிச்சா?"

"நாலா."

கிளெம்முக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக வந்தது, பிறகு வயிறு குலுங்கியது, பிறகு அது சிரிப்பாக இல்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாடீன் அவர் அழுது பார்த்ததில்லை. அப்பா செத்த நாளிலிருந்து வராத அழுகை அவளுக்கும் வந்தது.

"ஒரு போன் போட்டிருந்தா நான் வந்து சொல்லிக் குடுத்திருக்க மாட்டேனா?" என்றார் கிளெம். "முட்டாப்பய. எழுவத்தெட்டு வயசுல ஒளிஞ்சு ஒளிஞ்சு ஒட்டியிருக்கான்."

"அவரு போட்டா நீங்க எடுத்திருப்பீங்களா?"

கிளெம் மேசை விளக்கைப் போட்டு, காரை இடதுகையில் பிடித்து, வலது கட்டைவிரலால் பம்பரின் ஓரத்தை மெல்ல நெம்பினார். டிக் என்று ஒரு சத்தம். பம்பர் சேதமில்லாமல் கையோடு வந்தது. அவர் அதை நேராகத் திருப்பி, இருக்கவேண்டிய இடத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒட்டப்போறீங்களா?"

"பசை காய ஒரு நாளாகும். மணி என்ன?"

"ஒம்பதே முக்கால்."

"சட்டைக்கு இஸ்திரி போடத் தெரியுமா உனக்கு?"

கிளெம் சவப்பெட்டியின் முன்பக்கம் இடதுபுறம் பிடித்தார். ஆறு பேரில் அவர்தான் வயதானவர், எழுபத்து நாலு. சர்ச்சுப் படியில் ஒரு கணம் தடுமாறியபோது பின்னால் வந்தவர்கள் நின்று கொடுத்தார்கள். லோயிஸ் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கல்லறையில் அவர் பின்னாடி நிற்கவில்லை.

மதியம் வீடு கொள்ளாத கூட்டம். வாரனின் கிட் சேகரிக்கும் கழகத்திலிருந்து மட்டும் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். கழகத்துக்குத் தலைவர் நார்பர்ட். காகிதத் தட்டில் மூன்று வகை உருளைக்கிழங்கையும் வாங்கிக்கொண்டு அவர் நாடீனை ஓரங்கட்டினார்.

"தப்பா நெனச்சுக்காத. கீழ இருக்கறத யாரும் தொடாம பாத்துக்க. அந்த மாதிரி பிரிக்காத சரக்கு இந்த மாநிலத்துலயே கெடையாது. அடுத்த வாரம் நான் வந்து பட்டியல் போட்டுத் தர்றேன். கையுறை போட்டுக்கிட்டு."

"சரிங்க."

"தும்மக்கூடாது அங்க."

சமையலறை வாசலில் கிளெம் காபிக் கோப்பையோடு யாரோடும் ஒட்டாமல் நின்றிருந்தார். லோயிஸ் அவரிடம் போய், கோப்பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"கீழ போ கிளெம். உனக்குப் புடிச்சது ஒண்ண எடு."

"எடுத்துட்டுப் போய் அடுக்கி வெக்க நான் என்ன உங்க வீட்டுக்காரரா அண்ணி?"

"அப்ப தொற."

கிளெம் அவளையே பார்த்தார்.

"ரெண்டு மாசம் என் வீட்டுல பசை நாத்தம் இருந்துச்சு," என்றாள் லோயிஸ். "இப்ப நாலு நாளா இல்ல. போ."

அவர் இறங்கிப்போனார். கதவு சாத்திக்கொண்டது. மேலே யாரோ போன வருடத்து மான் வேட்டைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார், வாரன் மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து தூங்கிப்போன கதை. எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கீழேயிருந்து, மெல்லிய, நீளமான சத்தம். செலோபேன் கிழிகிற சத்தம்.

மற்றவர்களுக்கு அது காதில் விழவே இல்லை. கழகத்துக்காரர்கள் ஒன்பது பேரின் முள்கரண்டியும் அந்தரத்தில் நின்றுவிட்டது. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். நார்பர்ட்டின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது.

"எந்தப் பெட்டி அது?" என்றார் மெதுவாக.

"தெரியலயே," என்றாள் நாடீன்.

கீழே அட்டை மூடி திறந்தது. பிளாஸ்டிக் பாகங்கள் மேசைமேல் கொட்டும் கலகலப்பு கேட்டது. அதன்பின் ஒன்றுமில்லை.

நார்பர்ட் தட்டைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு தட்டை ஜன்னலோரம் வைத்துவிட்டு, காபி கூஜாவிடம் போய் இரண்டு கோப்பையில் ஊற்றினார்.

"லோயிஸ், வாரனோட தம்பிக்கு சர்க்கரை போடலாமா?"

"ரெண்டு கரண்டி."

போட்டுக் கலக்கினார். இரண்டு கையிலும் கோப்பையோடு, முழங்கையால் கதவைத் தள்ளித் திறந்து, தளும்பாமல் ஒவ்வொரு படியாக இறங்கினார்.